பணம் நின்றுவிட்டதா, வேறு கணக்குக்குப் போய்விட்டதா?

கேள்வி: ஐயா, என் அம்மாவுக்கு 68 வயது. அப்பா இறந்து பத்து வருடம் ஆகிறது. ஆறு வருடமாக அம்மாவுக்கு முதியோர் உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. கடைசியாக மாதம் 1,200 ரூபாய் வந்தது. நான்கு மாதமாக எதுவும் வரவில்லை. வங்கியில் கேட்டால், "எங்களுக்குப் பணமே வரலை, தாலுகா ஆபீஸ்ல கேளுங்க" என்கிறார்கள். தாலுகா அலுவலகத்தில், "இங்கிருந்து மாசா மாசம் போய்க்கிட்டுதான் இருக்கு, பேங்க்ல பாருங்க" என்கிறார்கள். மூன்று தடவை அலைந்துவிட்டோம். நான் மகளிர் உரிமைத்தொகை வாங்குவதால்தான் அம்மாவுக்கு நிறுத்திவிட்டார்கள் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். அது உண்மையா? விட்டுப்போன நான்கு மாதப் பணம் கிடைக்குமா? 2,000 ரூபாய் கொடுத்தால் முடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பின்குறிப்பு: அம்மாவின் ஆதார் பேங்க் கணக்கோடு இணைத்துத்தான் இருக்கிறது. ஐந்து மாதத்துக்கு முன்னால் ஊரில் ஒரு முகாம் போட்டு, நூறு நாள் வேலைக் கூலி வருவதற்கு என்று அம்மாவுக்கு இன்னொரு கணக்கும் தொடங்கினார்கள். முட்டி வலி வந்து அம்மா அதற்கப்புறம் வேலைக்கே போகவில்லை. அந்தக் கணக்கை இதுவரை தொட்டதில்லை.

— ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

அந்த 2,000 ரூபாயை யாரிடமும் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் திருப்பிக் கேளுங்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

ஓய்வு பெறுவதற்கு முன்னால் சில ஆண்டுகள் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியராக இருந்தவன் நான். உங்களிடம் "பேங்க்ல பாருங்க" என்று சொன்னாரே, அதே நாற்காலி. நானும் எத்தனையோ பேரிடம் அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அது பொய் இல்லை. கணினியில் உங்கள் அம்மாவின் பெயருக்கு நேராக, பணம் அனுப்பியாகிவிட்டது என்றுதான் இருந்திருக்கும். வங்கிக்காரர் சொன்னதும் பொய் இல்லை. நீங்கள் நீட்டிய பாஸ்புக்கில் இருக்கும் கணக்கைத்தான் அவர் பார்த்தார், அதில் வரவு இல்லை. ஆக, ஆளுக்குப் பாதி உண்மையைச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மீதிப் பாதி உங்கள் பின்குறிப்பில் இருக்கிறது.

ஐந்து மாதத்துக்கு முன் முகாம், நான்கு மாதமாகப் பணம் இல்லை. என் சந்தேகம் நேராக அங்கேதான் போகிறது.

ஆதார் "இணைத்திருக்கிறது" என்று நாம் சொல்வதில் இரண்டு விஷயம் கலந்துகிடக்கிறது. ஒன்று, கணக்கு வைத்திருப்பவர் யார் என்று தெரிந்துகொள்ள வங்கி தன் பதிவேட்டில் ஆதார் எண்ணை ஏற்றிக்கொள்வது. அப்படி நாலு வங்கியில் கொடுத்தால் நாலிலும் இருக்கும், அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. இரண்டாவது, வங்கி ஊழியர்கள் "ஆதார் சீடிங்" அல்லது "என்பிசிஐ-யில் ஏத்தணும்" என்று சொல்வார்களே, அது. என்பிசிஐ என்ற நிறுவனத்திடம் ஒரு பட்டியல் இருக்கிறது. இந்த ஆதார் எண்ணுக்கு அரசுப் பணம் வந்தால் எந்த வங்கிக்கு அனுப்ப வேண்டும் என்பதுதான் அந்தப் பட்டியல். ஒரு ஆதாருக்கு ஒரே ஒரு வங்கிதான் அதில் இருக்க முடியும். கடைசியாக எந்த வங்கி உங்கள் சம்மதத்தோடு ஏற்றுகிறதோ, அதன் பெயர் நிற்கும். பழைய வங்கியின் பெயர் சத்தமில்லாமல் விலகிவிடும். பழைய வங்கிக்கு இது தெரிந்தாலும் உங்களைக் கூப்பிட்டுச் சொல்லமாட்டார்கள்.

நூறு நாள் வேலைக் கூலியை ஆதார் வழியாகத்தான் போட வேண்டும் என்பது 2024 ஜனவரி 1 முதல் கட்டாயமாகிவிட்டது. கூலிக்கு என்று கணக்கு தொடங்கினால், கணக்கோடு சேர்த்து சீடிங்கையும் செய்துவிடுவார்கள். முகாமில் உங்கள் அம்மா கைரேகை வைத்தபோது, "கணக்கு தொடங்குறோம்மா" என்று சொல்லியிருப்பார்கள். "இனிமேல் உங்களுக்கு வர்ற எல்லா அரசுப் பணமும் இதுலதான் விழும்" என்று சொல்லியிருப்பார்களா? சொல்லியிருந்தாலும் அந்தக் கூட்டத்தில் காதில் விழுந்திருக்காது. 2017-ல் ஒரு தொலைபேசி நிறுவனம் நடத்திய வங்கியில் இதே கதை பெரிய அளவில் நடந்தது. சிம் கார்டுக்கு ஆதார் கொடுத்த பலருக்கு அவர்களுக்கே தெரியாமல் கணக்கு தொடங்கிவிட்டார்கள். சமையல் எரிவாயு மானியம் மாதக்கணக்கில் அங்கே போய் விழுந்துகொண்டிருந்தது. கடைசியில் ஆதார் ஆணையம் தலையிட வேண்டியிருந்தது.

சரி, எப்படிப் பார்ப்பது? அம்மாவின் ஆதாரில் கைபேசி எண் பதிவாகியிருந்தால் வேலை சுலபம். மை ஆதார் இணையதளத்தில் ஆதார் எண்ணும் ஓடிபியும் கொடுத்து உள்ளே போனால், வங்கி சீடிங் நிலை என்று ஒரு பகுதி இருக்கும். எந்த வங்கி என்று அதில் தெரிந்துவிடும். கணக்கு எண்ணை எதிர்பார்க்காதீர்கள், வங்கியின் பெயர் மட்டும்தான் வரும். இணைய மையத்தில் போய்ச் செய்தாலும் சரி, ஓடிபி எண்ணைத் தட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.

கைபேசி எண் பதிவாகவில்லையா? முகாமில் தொடங்கிய கணக்கு எந்த வங்கி என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு, ஊருக்கு வரும் வங்கி முகவரிடம் போங்கள். கையடக்க மெஷின் வைத்துக்கொண்டு பணம் கொடுப்பாரே, அவர்தான். அவரிடம் "பணம் எடுக்க வேண்டாம், இருப்பு மட்டும் பாருங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆதார் எண்ணை அடித்ததும் எந்த வங்கி என்று மெஷின் கேட்கும். வழக்கமாகப் பழைய வங்கியைத் தொட்டுவிடுவார். நீங்கள் புது வங்கியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அம்மா விரலை வைத்ததும் இருப்புத் தொகை திரையில் வரும். 4,800 ரூபாயோ அதை ஒட்டிய தொகையோ இருந்தால் பிரச்சினை அங்கேயே முடிந்தது.

இந்த மெஷினைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். களையெடுத்து, பாத்திரம் தேய்த்து, வயதும் ஆன விரல்களில் ரேகை தேய்ந்திருக்கும். முதல் தடவை சரியாகப் பதியாமல் போவது சாதாரணம். ஈரம் இருந்தால் துடைத்துவிட்டு, காய்ந்து வெடித்திருந்தால் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு, கட்டைவிரல் சரிவராவிட்டால் வேறு விரலை வைத்துப் பார்க்கலாம். ஆனால் "பதியலம்மா, இன்னொரு தடவை வைங்க" என்று அவர் சொல்லும்போது, முதல் தடவைக்கான சீட்டைக் கேளுங்கள். ஒவ்வொரு முயற்சிக்கும், அது தோற்றதாக இருந்தாலும், மெஷின் ஒரு விவரம் காட்டும். உண்மையிலேயே தோற்றதா, இல்லை பணம் எடுத்தாகிவிட்டதா என்று அதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த விரல். நேர்மையான முகவர்களே அதிகம், அவர்கள் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். அப்புறம், முகவருக்குக் கமிஷன் கொடுப்பது வங்கியின் வேலை. வாடிக்கையாளரிடம் அவர் தனியாகக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. "டீ செலவுக்கு" என்று ஐம்பது ரூபாய் பிடித்துக்கொள்வது பல ஊர்களில் பழக்கமாகவே ஆகிவிட்டது. 1,200 ரூபாயில் ஐம்பது ரூபாய் சின்னத் தொகை இல்லை.

பணம் புதுக் கணக்கில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், அது அம்மாவின் பணம். அந்தக் கணக்கே வசதியாக இருந்தால் அப்படியே விட்டுவிடலாம், ஒரு தப்பும் இல்லை. பழைய வங்கிக்கே வர வேண்டுமென்றால், பழைய வங்கிக் கிளைக்குப் போய் ஆதார் சீடிங்குக்கான சம்மதப் படிவம் கேளுங்கள். "ஆதார் ஏற்கெனவே லிங்க் ஆகித்தானேம்மா இருக்கு" என்று கவுன்டரில் சொல்லுவார்கள், அங்கேதான் எல்லோரும் திரும்பி வந்துவிடுகிறார்கள். "லிங்க் இல்லைங்க, என்பிசிஐ-யில் இந்த வங்கிக்கு மாத்தணும்" என்று அந்த வார்த்தையையே பயன்படுத்திக் கேளுங்கள். வேறு வங்கியிலிருந்து மாற்றுவதாக இருந்தால் அந்த வங்கியின் பெயரை எழுதப் படிவத்தில் இடம் இருக்கும், அதைக் காலியாக விடாதீர்கள். ஒப்புகைச் சீட்டோ முத்திரை போட்ட நகலோ வாங்கிக்கொண்டு வாருங்கள். சில நாள் கழித்து மை ஆதார் தளத்தில் வங்கியின் பெயர் மாறிவிட்டதா என்று மறுபடி பாருங்கள். மாறிய பிறகு உங்கள் உரிமைத்தொகைக்கு ஒன்றும் ஆகாது. அது உங்கள் ஆதாரைப் பொறுத்தது, அம்மாவுடையதை இல்லை.

புதுக் கணக்கிலும் பணம் இல்லை என்றால்? அப்போது இரண்டே வழிதான் மிச்சம். அனுப்பிய பணம் வங்கியிலிருந்து திரும்பிப் போயிருக்கும், அல்லது தாலுகா அலுவலகத்திலேயே நிறுத்தியிருப்பார்கள்.

திரும்பிப் போவதற்குப் பெரும்பாலும் கணக்குதான் காரணம். கேஒய்சி, அதாவது வங்கியில் கொடுத்த அடையாள விவரம், புதுப்பிக்காததால் முடங்கியிருக்கலாம், பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கலாம். வங்கியில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். ஆதாரும் போட்டோவும் கொடுத்தால் சரியாகிவிடும்.

நிறுத்துவதுதான் தலைவலி. உதவித்தொகை வாங்குகிறவர்கள் உயிரோடு இருக்கிறார்களா, அதே ஊரில் இருக்கிறார்களா, நிலைமை மாறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலர்களை அவ்வப்போது பார்த்துவரச் சொல்வோம். விஏஓ வந்த அன்று உங்கள் அம்மா உங்களுடைய அக்கா வீட்டில் இருந்திருந்தால், பக்கத்து வீட்டில் யாரோ "அவங்க மக வீட்டுக்குப் போயிட்டாங்க" என்று சொல்லியிருந்தால், பட்டியலில் "இடம்பெயர்ந்தார்" என்று எழுதிவிடுவார். ஒரு முறை என் மேஜைக்கு எதிரே ஒரு பாட்டி வந்து நின்றார். பட்டியலைப் புரட்டினால் அவர் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதே தெருவில் அதே பெயரில் இன்னொருவர் இருந்திருக்கிறார், இறந்தது அவர். "நான் செத்துட்டேன்னு எழுதினவரை ஒரு தடவை என் மூஞ்சியைப் பார்க்கச் சொல்லுங்க சாமி" என்றார் பாட்டி. திருத்தி உத்தரவு போட எனக்குப் பத்து நிமிடம் ஆனது. அந்தப் பத்து நிமிடத்துக்காக அவர் ஐந்து முறை பஸ் ஏறி வந்திருந்தார். ஒவ்வொரு முறையும் எங்கள் அலுவலகத்தில் யாரோ ஒருவர், பட்டியலைப் புரட்டாமலேயே, "பேங்க்ல போய்ப் பாரு" என்று சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் விஷயத்தில் "போய்க்கிட்டுதான் இருக்கு" என்று சொல்லிவிட்டதால் நிறுத்தியிருக்க வாய்ப்பு குறைவு. இருந்தாலும் உறுதி செய்துகொள்ள ஒரு குறுக்குவழி உண்டு. உதவித்தொகை வாங்கும் முதியவர்களுக்குத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விலையில்லாச் சேலை, வேட்டி கொடுக்கிறோம் இல்லையா, அந்தப் பட்டியல் உதவித்தொகைப் பட்டியலிலிருந்துதான் போகும். மாதா மாதம் கிடைக்கும் இலவச அரிசியும் அப்படித்தான். சத்துணவு மையத்தில் சாப்பிடுகிறவருக்கு 2 கிலோ, சாப்பிடாதவருக்கு 4 கிலோ. கடைசியாகக் கொடுத்தபோது அம்மாவுக்கு வந்ததா என்று கேட்டுப் பாருங்கள். வந்திருந்தால், அதுவரையிலாவது பெயர் பட்டியலில் உயிரோடு இருக்கிறது.

அடுத்த தடவை தாலுகா அலுவலகத்துக்குப் போகும்போது "பணம் ஏன் வரலை" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எந்த அலுவலகத்திலும் பதில் கிடையாது. இப்படி எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள்:

"என் தாயார், உதவித்தொகை ஆணை எண் இன்னது. கடந்த நான்கு மாதங்களுக்கான தொகை ஒவ்வொன்றும் எந்தத் தேதியில், எந்த வங்கிக்கு அனுப்பப்பட்டது, கணக்கு எண் வழியாக அனுப்பப்பட்டதா, ஆதார் வழியாக அனுப்பப்பட்டதா, வங்கியிலிருந்து திரும்பி வந்திருந்தால் சொல்லப்பட்ட காரணம் என்ன, நிறுத்தப்பட்டிருந்தால் அந்த உத்தரவின் நகல் ஆகியவற்றைத் தர வேண்டுகிறேன்."

அவ்வளவுதான். கஷ்டத்தை நாலு பக்கம் எழுத வேண்டியதில்லை. இப்படிக் கேட்டால் எழுத்தர் கணினியைத் திறந்தே ஆக வேண்டும். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

இதற்கும் அசையாவிட்டால், இதே வாசகங்களை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பமாக அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். மனுவில் 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அதற்கடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். அனுபவத்தில் சொல்கிறேன், இந்தக் கவர் வந்து சேர்ந்த வாரத்திலேயே பல கோப்புகள் தானாக நகர்ந்துவிடும்.

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். போகலாம். ஆனால் அது எங்கே போய்ச் சேரும் என்று தெரிந்துகொண்டு போங்கள். கலெக்டரிடம் கொடுத்த மனு, "நடவடிக்கைக்கு" என்று எழுதப்பட்டு, அதே தனி வட்டாட்சியரின் மேஜைக்கே வரும். என் மேல் வந்த மனுவுக்கு நானே பதில் எழுதிய கதையும் உண்டு. ஆனாலும் அதற்கு எண் விழுகிறது, பதில் சொன்னேனா என்று மேலே கேட்கிறார்கள். அதற்காகவே அது உபயோகம்தான். 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணும் கிட்டத்தட்ட அப்படித்தான். நிறுத்தி உத்தரவு போட்டிருந்தால் மட்டும் இந்த மனுக்களோடு நிற்காமல் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யுங்கள். மே, ஜூனில் தாலுகாவில் ஜமாபந்தி (ஊர்களின் வருவாய்க் கணக்கை வருடம் ஒரு முறை சரிபார்ப்பது) நடக்கும்போது உயர் அதிகாரி ஒருவர் நேரிலேயே உட்கார்ந்து மனு வாங்குவார், அது நல்ல சந்தர்ப்பம்.

இனி உரிமைத்தொகை. அக்கம்பக்கத்தில் சொல்வது தவறு. ஆனால் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பதும் புரிகிறது. கலைஞர் மகளிர் உரிமைத்தொகையை அறிவித்தபோது வெளியான விதிகளில், ஏற்கெனவே முதியோர், விதவை உதவித்தொகை வாங்கும் குடும்பங்களுக்குத் தடை இருந்தது. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் திட்டம் தொடங்குவதற்கு முன்பே, ஆகஸ்டில், அதைத் தளர்த்திவிட்டார்கள். உதவித்தொகை வாங்கும் ஒருவர் வீட்டில் இருந்தாலும், அதே வீட்டில் தகுதியுள்ள வேறு பெண் உரிமைத்தொகை வாங்கலாம். அம்மாவுக்கு முதியோர் உதவித்தொகை, உங்களுக்கு உரிமைத்தொகை. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. யாராவது கேட்டால் தைரியமாகச் சொல்லுங்கள். அம்மா கணவரை இழந்தவர் என்பதால் விதவை உதவித்தொகையும் சேர்த்துக் கேட்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து யாராவது யோசனை சொல்வார்கள். முடியாது. ஒருவருக்கு இவற்றில் ஏதாவது ஒன்றுதான்.

நான்கு மாதப் பாக்கி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வேறு கணக்கில் விழுந்திருந்தால் அது பாக்கியே இல்லை, பணம் அங்கே உட்கார்ந்திருக்கிறது. வங்கியிலிருந்து திரும்பியிருந்தால், கணக்கைச் சரிசெய்த பிறகு, எந்தெந்த மாதம் என்று பெயர் சொல்லி மறுபடி அனுப்பும்படி தனி மனு கொடுங்கள். "இனிமேல் வரும்" என்று சொன்னதும் சந்தோஷமாகத் திரும்பிவிடாதீர்கள். தவறாக நிறுத்தியிருந்தால், "நிறுத்தப்பட்ட தேதியிலிருந்து மீண்டும் வழங்க" என்ற சொற்கள் மனுவில் இருக்கட்டும். வெறுமனே "மீண்டும் வழங்க" என்று எழுதினால் உத்தரவு போடுகிற அன்றிலிருந்துதான் கணக்கு ஆரம்பிக்கும்.

எனக்கு ஒரு ஆதங்கம், இடம் இருப்பதால் சொல்லிவிடுகிறேன். 60 முதல் 79 வயது வரை உள்ளவருக்கு இந்த உதவித்தொகையில் மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய்தான். 2007-ல் திட்டத்துக்கு இந்திரா காந்தி பெயரை வைத்தபோதும் அதே 200 தான். 80 ஆனால் 500. மிச்சத்தை மாநில அரசு போடுகிறது. தமிழ்நாட்டில் 1962-லேயே 20 ரூபாயில் ஆரம்பித்த திட்டம் இது. 2023 ஆகஸ்டில்தான் 1,000 என்பது 1,200 ஆனது. இந்தத் தொகைக்காகத்தான் இத்தனை கைரேகையும், இத்தனை பஸ் டிக்கெட்டும்.

2,000 ரூபாய் கேட்டவர் என்ன செய்வார் என்று கேட்டால், அநேகமாக அம்மாவின் விரலை வாங்கி, புதுக் கணக்கில் இருப்பைப் பார்த்து, "முடிச்சுட்டேன்" என்று சொல்வார். மேலே சொன்ன அதே வேலைதான், நீங்களே செய்துவிடலாம். நாளைக்கே செய்யுங்கள். ஆதார் அட்டை, பழைய பாஸ்புக், முகாமில் கொடுத்த சீட்டோ அட்டையோ இருந்தால் அது, உதவித்தொகை ஆணை நகல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஆணை நகல் கிடைக்கவில்லை என்றால் அதற்காகத் தேங்கி நிற்காதீர்கள், அலுவலகத்தில் ஆதார் எண்ணை வைத்தே தேடிவிடலாம். இருப்பு எவ்வளவு என்று பார்த்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். ஒன்றும் இல்லை என்று வந்தால், தாலுகா அலுவலகம் எழுத்தில் தரும் பதிலையும் சேர்த்து அனுப்புங்கள், அடுத்து எந்தக் கதவு என்று பார்ப்போம்.